ரொறன்ரோவா, டொராண்டோவா? விக்கிப்பீடியாவில் சண்டை வந்தால் எந்த வழியில் போவது

விக்கிப்பீடியாவில் புதிதாக எழுத வந்த கல்லூரி ஆசிரியை ஒருவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "இங்கே தலைமையாசிரியர் யார்?" என்பது. தம் ஊர்க் கட்டுரையில் அவர் சேர்த்த ஒரு பத்தியை வேறொரு பயனர் நீக்கியிருந்தார். இவர் மறுபடி சேர்த்தார். அது மறுபடி போயிற்று. மூன்றாம் முறையும் போனபோது, யாரிடமாவது முறையிட்டே தீருவது என்று என்னைத் தொலைபேசியில் அழைத்துவிட்டார். தலைமையாசிரியர் என்று ஒருவரும் இல்லை என்றேன். "அப்படியென்றால் எது சரி என்று யார் சொல்வது?" என்றார். அன்று நான் தந்த பதில் எனக்கே திருப்தியாக இல்லை. கொஞ்சம் பொறுமையாக எழுதிப் பார்க்கிறேன்.

2001 ஜனவரியில் விக்கிப்பீடியா தொடங்கியதிலிருந்து இந்தக் கேள்விக்குப் பல விடைகளைப் பல மொழிச் சமூகங்கள் முயன்று பார்த்திருக்கின்றன. சில பலித்தன, சிலவற்றை அவர்களே மூடிவிட்டார்கள். தமிழ் விக்கிப்பீடியா 2003இல் பிறந்தது. ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் நாம் ஒரு தெருக்காரர்கள் மாதிரி. ஒரே நேரத்தில் முனைப்பாகத் தொகுக்கிறவர்களின் பயனர் பெயர்களை மனப்பாடமாகச் சொல்லிவிடலாம். இன்று யாரோடு சண்டை போடுகிறோமோ, அடுத்த மாதம் அவரிடம்தான் ஒரு படத்துக்கோ வார்ப்புருவுக்கோ உதவி கேட்டுப் போய் நிற்க வேண்டும். ஆயிரக்கணக்கானோர் புழங்கும் இடத்துக்கென்று செய்த ஏற்பாடுகளை அப்படியே இங்கே கொண்டுவந்து இறக்கினால் சரிப்படாது என்று நான் நினைப்பதற்கு இதுதான் முதல் காரணம்.

வழிகளை ஒப்பிடும் முன் ஒன்றைக் கேட்டுக்கொள்வது நல்லது: எதைப் பற்றிச் சண்டை? பெயரைப் பற்றியா, உண்மையைப் பற்றியா, எதற்கு எவ்வளவு இடம் என்பதைப் பற்றியா, இல்லை, எதிரில் இருக்கும் ஆளைப் பற்றியா? ஒன்றுக்குப் பொருந்தும் மருந்து இன்னொன்றுக்கு நஞ்சு. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

பல ஆண்டுகளுக்கு முன்பு, கனடாவில் வாழும் ஓர் எழுத்தாளரைப் பற்றிய கட்டுரையில் "ரொறன்ரோ" என்று இருந்ததைக் கண்டேன். எழுத்துப்பிழை என்று முடிவு கட்டி "டொராண்டோ" என்று மாற்றினேன். ஏன் மாற்றினோம் என்று சொல்லும் சுருக்கக் குறிப்பில் "பிழைதிருத்தம்" என்றும் எழுதிவைத்தேன். மறுநாள் அது பழையபடி ஆகியிருந்தது. மாற்றினேன். இன்னொரு பயனர் பழைய எழுத்துக்கே மீளமைத்தார். நான்காம் நாள், பிறர் எனக்குச் செய்தி எழுதும் என் பேச்சுப் பக்கத்தில் அவரிடமிருந்து ஒரு நீண்ட செய்தி. வணக்கம் ஐயா என்று தொடங்கி, மிக மரியாதையாக, ஆங்கிலத்து 'ட்' ஒலி நம் டகரம் அன்று என்று விளக்கியிருந்தார். டகரத்துக்கு நாக்கை மடிக்க வேண்டும். ஆங்கில ஒலிக்கு நாநுனி மேற்பல்லின் பின்புறமுள்ள மேட்டைத் தொட்டால் போதும். அதற்கு நெருங்கியது 'வெற்றி', 'காற்று' ஆகியவற்றின் பழைய றகர ஒலிதான். ஈழத்தில் அந்த ஒலி இன்னும் உயிரோடு இருப்பதால்தான் ரொறன்ரோ என்று எழுதுகிறோம் என்றார். கடைசி வரி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது: "எங்கள் வழக்கு உங்களுக்குப் பிழையாகத் தெரிவது உங்கள் பிழையன்று, ஆனால் அதைப் பிழைதிருத்தம் என்று எழுதாதீர்கள்."

வெட்கமாக இருந்தது. நான் சண்டை போட்டது உண்மை பற்றி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது பெயர் பற்றிய சண்டை.

பெயர்ச் சண்டைக்கு மலிவான மருந்து

பெயரும் எழுத்துமுறையும் பற்றிய பிணக்குக்கு ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரு பழைய விதி இருக்கிறது. பிரிட்டன் எழுத்துமுறையா, அமெரிக்க எழுத்துமுறையா என்று அடித்துக்கொள்ள வேண்டாம். பொருள் ஒரு நாட்டோடு வலுவாகத் தொடர்புடையதென்றால் அந்நாட்டு வழக்கு. இல்லையென்றால் முதலில் எழுதியவர் எதில் எழுதினாரோ அதுவே நிற்கட்டும் என்பது அதன் சாரம். நியாயத்தின் கண்கொண்டு பார்த்தால் இது அபத்தம். முதலில் வந்து துண்டு போட்டவருக்கே இருக்கை என்கிற பஸ் நியாயம்தான். ஆனால் பஸ்ஸில் அதனால்தான் கைகலப்பு குறைகிறது.

இந்த விதியை மீறினால் என்ன ஆகும் என்பதற்குத் தயிரே சாட்சி. ஆங்கிலத்தில் தயிரைக் குறிக்கும் 'யோகர்ட்' என்ற சொல்லுக்கு நடுவில் ஒரு 'எச்' வேண்டுமா வேண்டாமா என்று சண்டை. 2002இல் 'எச்' இல்லாமல் தொடங்கிய கட்டுரையை அடுத்த ஆண்டு 'எச்' உள்ள தலைப்புக்கு நகர்த்தினார்கள். அதன்பின் எட்டு ஆண்டுகள் வாதம், மறுபடி மறுபடி பெயர்மாற்ற வேண்டுகோள்கள். 2011 இறுதியில், தொடங்கிய எழுத்துக்கே திரும்பி வந்தது. அந்த எட்டு ஆண்டில் அங்கே செலவான சொற்களில் பால் பொருள்கள் பற்றி ஒரு சிறு கலைக்களஞ்சியமே எழுதியிருக்கலாம்.

என் ரொறன்ரோ வழக்கும் இப்படித்தான் முடிந்தது. ஈழத்து எழுத்தாளர், ஈழத்தவர் எழுதிய கட்டுரை; இருந்தபடியே இருக்கட்டும். மற்ற எழுத்துகளில் தேடி வருபவர்களுக்கு வழிமாற்றுப் பக்கங்கள். அடைப்புக்குறிக்குள் மற்றொரு வழக்கு. ஐந்து நிமிட வேலைக்கு ஆறு நாள் ஆயிற்று.

கிரந்த எழுத்துச் சண்டைக்கு இந்த விதி அவ்வளவு எளிதாகப் பொருந்தவில்லை. ஜ, ஷ, ஸ, ஹ தலைப்பில் வேண்டுமா கூடாதா என்பது தமிழ் விக்கிப்பீடியாவில் தொடக்க காலத்திலிருந்தே புகைந்து வரும் பிணக்கு. அங்கே எழுத்துமுறையோடு மொழிக் கொள்கையும் சேர்ந்துகொள்கிறது. ஒரு தரப்புக்கு அது ஒலித் துல்லியம். மற்றத் தரப்புக்கு அதைத் தவிர்ப்பதே மொழியின் இயல்பு. இருவரும் கொள்கைக்காரர்கள். உயிரோடு இருக்கும் ஒருவரின் பெயர் என்றால் அவர் தம் பெயரை எப்படி எழுதுகிறாரோ அப்படியே எழுதுவதும், ஊர்ப்பெயர் என்றால் அந்த ஊர்ப் பலகையையும் அங்கே வரும் நாளிதழையும் பார்ப்பதும் என் சொந்தப் பழக்கம். எல்லோரும் ஏற்கமாட்டார்கள் என்று தெரியும்.

கருவியைக் கொண்டு தீர்த்த மொழிகளும் உண்டு. சீன விக்கிப்பீடியா ஒரே கட்டுரையைப் பழைய எழுத்திலும் எளிய எழுத்திலும் காட்டும். தைவான், ஹாங்காங், பெருநிலச் சீனம், சிங்கப்பூர் ஆகியவற்றின் சொல் வேறுபாடுகளைக்கூட வாசகர் தேர்வுக்கு விட்டுவிடும் மாற்றி ஒன்றை வைத்திருக்கிறார்கள். சண்டையின் பெரும்பகுதியை நிரல் விழுங்கிவிட்டது. நார்வேயில் இரண்டு எழுத்து வழக்குகளுக்கு இரண்டு விக்கிப்பீடியாக்கள். பழைய யூகோசுலாவியப் பகுதியிலோ செர்பிய, குரோவாசிய, பொசுனிய விக்கிப்பீடியாக்கள் தனித்தனி. அதோடு செர்போ-குரோவாசியம் என்று நான்காவதும் உண்டு. தனிக்குடித்தனம் போனால் சண்டை ஓயும் என்று நினைப்பவர்கள் குரோவாசியக் கதையைப் படிக்க வேண்டும். அதற்குப் பிறகு வருகிறேன்.

இருவர் மட்டும் பேசித் தீர்ப்பது

விதிப்புத்தகம் சொல்லும் முதல் படி, ஒவ்வொரு கட்டுரையோடும் ஒட்டியிருக்கும் உரையாடல் பக்கம். துணிந்து தொகு, ஒருவர் மீளமைத்தால் நிறுத்து, போய்ப் பேசு. நல்ல நடைமுறை. செலவில்லை, பதிவும் இருக்கும், மூன்றாமவர் பின்னால் வந்து படித்துக்கொள்ளலாம். பெரும்பாலான பிணக்குகள் இங்கேயே அடங்குகின்றன என்பதால்தான் நாம் அவற்றைப் பற்றிக் கேள்விப்படுவதே இல்லை.

இதன் குறை ஒன்றுதான், ஆனால் பெரிய குறை: பேச நேரம் அதிகம் உள்ளவர் வெல்வார். வியன்னாவின் டோனாவ்டுர்ம் என்ற கோபுரத்தைப் பற்றி ஜெர்மன் விக்கிப்பீடியாவில் நடந்ததைப் பாருங்கள். 1964இல் கட்டியது, 252 மீட்டர் உயரம், ஆஸ்திரியாவின் மிக உயர்ந்த கட்டுமானம். பார்த்தால் தொலைக்காட்சிக் கோபுரம் மாதிரியே இருக்கும். ஆனால் அதிலிருந்து தொலைக்காட்சி ஒளிபரப்பு நடப்பதில்லை. அப்படியானால் அதைத் தொலைக்காட்சிக் கோபுரம் என்று எழுதலாமா, காட்சிக் கோபுரம் என்றுதான் எழுத வேண்டுமா? கட்டடக்கலை நூல்கள் அந்த வடிவத்தையே தொலைக்காட்சிக் கோபுரம் என்கின்றன என்றது ஒரு தரப்பு. ஒளிபரப்பாத கோபுரம் எப்படி அந்தப் பெயரைத் தாங்கும் என்றது மறுதரப்பு. ஒரு புத்தகம் அளவுக்கு வாதம் வளர்ந்து, 2010இல் ஜெர்மனியின் பெரிய வார இதழான டேர் ஷ்பீகல் அதை நீண்ட கட்டுரையாகவே எழுதியது.

அந்த வாதத்தில் யாரும் முட்டாள் இல்லை. இரு தரப்பிடமும் சான்று இருந்தது. இல்லாமல் போனது, "சரி, இத்தனை நாள் பேசியாயிற்று, இனி வேறு யாரிடமாவது கொடுப்போம்" என்று சொல்லும் ஒரு தேதி. உரையாடல் பக்கத்துக்கு நான் வைத்திருக்கும் கணக்கு இது: இருவரும் தலா மூன்று முறை பேசியும் புதிய சான்று எதுவும் மேசைக்கு வரவில்லையென்றால், நான்காவது முறை பேசுவது வீண். அதன்பிறகு எழுதுவதெல்லாம் எதிராளிக்காக எழுதுவதன்று, தன்மானத்துக்காக எழுதுவது.

மூன்றாவது ஆள்

அடுத்த படி, பிணக்கில் சம்பந்தப்படாத ஒருவரைக் கூப்பிட்டு என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்பது. ஆங்கில விக்கிப்பீடியாவில் 'மூன்றாவது கருத்து' என்று இதற்கு ஒரு தனிப் பக்கமே உண்டு. சண்டை இரண்டே பேருக்கு இடையில் இருக்க வேண்டும். முன்னதாக உரையாடல் பக்கத்தில் பேசியிருக்க வேண்டும். வருகிறவர் சொல்வது தீர்ப்பன்று, கட்டுப்படுத்தாது. ஜெர்மன்காரர்களும் இதே பெயரில் ஒரு பக்கம் வைத்திருக்கிறார்கள்.

கட்டுப்படுத்தாத கருத்தினால் என்ன பயன் என்று ஆசிரியை கேட்டார். பயன் இருக்கிறது. இருவர் சண்டையிடும்போது ஒவ்வொருவரும் மற்றவரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்; மூன்றாவது ஆள் வந்ததும் இருவரும் கட்டுரையைப் பார்க்கத் தொடங்குகிறார்கள். அவருக்குப் புரியும்படி விளக்க வேண்டியிருப்பதால் வாதமே சுருங்கிவிடுகிறது. என் அனுபவத்தில் பாதி வழக்குகளில் அந்த விளக்கத்தை எழுதி முடிக்கும்போதே ஒருவருக்குத் தம் வாதம் நொண்டுவது தெரிந்துவிடுகிறது.

தமிழ் விக்கிப்பீடியாவில் நமக்கு ஆலமரத்தடி இருக்கிறது. பொது உரையாடலுக்கான பக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எந்த மொழியிலாவது வைத்திருப்பார்களா என்று தெரியவில்லை. ஆனால் பெயர் பொருத்தமாக இருப்பதே ஓர் இக்கட்டு. ஆலமரத்தடியில் பிணக்கைக் கொண்டுவந்து வைத்தால் ஊரே கூடிவிடுகிறது. இருவர் விவகாரம் பதின்மர் விவகாரமாகிறது. பழைய கணக்குகள் எல்லாம் வெளியே வருகின்றன. இருவர் பிணக்கை ஒருவரிடம் மட்டும் கொண்டுபோவது நல்லது. அந்த ஒருவரும் அந்தத் துறைக்கு வெளியே இருப்பவராக இருந்தால் இன்னும் நல்லது. கோயில் கட்டுரைச் சண்டைக்குத் தாவரவியல் கட்டுரை எழுதுபவரைக் கூப்பிடுங்கள். தல வரலாறு பற்றி அவருக்கு எந்தப் பற்றும் இருக்காது. மேற்கோள் என்றால் என்ன என்பது நன்றாகத் தெரிந்திருக்கும்.

ஊர் கூடிக் கேட்பதும் கை தூக்குவதும்

இரண்டையும் பலர் ஒன்றென்றே நினைக்கிறார்கள். கருத்துக் கேட்பில் வாதத்தின் வலுவை எடைபோட வேண்டும். வாக்கெடுப்பில் தலையை எண்ணினால் போதும்.

ஆங்கில விக்கிப்பீடியாவில் கருத்துக் கேட்பு வழக்கமாக 30 நாள் திறந்திருக்கும். பிறகு தானியங்கி வந்து அறிவிப்பை எடுத்துவிடும். சம்பந்தமில்லாத ஒருவர் எல்லாவற்றையும் படித்து முடிவை எழுத வேண்டும். இந்தக் கடைசி வேலைக்குத்தான் ஆள் கிடைப்பதில்லை. ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட இத்தகைய கேட்புகளை ஆராய்ந்து 2018இல் வெளியான ஓர் ஆய்வு, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முடிவு எட்டப்படாமலே நின்றுபோனதாகக் கண்டது. அத்தனை ஆள்பலம் உள்ள இடத்திலேயே இப்படியென்றால் நம்மைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தமிழில் ஒரு கேட்பைத் தொடங்குபவர், முடித்துவைக்கப் போகிறவர் யார் என்பதையும் முதல் நாளே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்கு யாரும் முன்வராவிட்டால் தொடங்காமல் இருப்பதே மேல். பாதியில் நின்ற பஞ்சாயத்து, கூடாத பஞ்சாயத்தைவிடக் கெடுதல்.

வாக்கெடுப்பைப் பற்றி விக்கிப்பீடியர்களுக்கு ஒரு பொதுவான அருவருப்பு உண்டு. உண்மையைக் கை தூக்கித் தீர்மானிக்க முடியாது என்பார்கள். சரிதான். ஆனால் பெயரைத் தீர்மானிக்கலாம். அதற்குச் சிறந்த சான்று போலந்தின் கிடான்ஸ்க் நகரம். ஜெர்மானியர்களுக்கு அது டான்சிக். வரலாற்றில் மாறி மாறிக் கைமாறிய ஊர். எந்தக் கட்டுரையில் எந்தப் பெயர் என்று ஆங்கில விக்கிப்பீடியாவில் ஓயாத மீளமைப்புப் போர். 2005 தொடக்கத்தில் வாக்கெடுத்தார்கள். காலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனியாகக் கேட்டதுதான் அவர்களின் சாமர்த்தியம். 1308க்கு முன் கிடான்ஸ்க். 1308 முதல் 1945 வரை டான்சிக். அதன்பின் மறுபடி கிடான்ஸ்க். ஜெர்மானியர் என்பது தெளிவாக உள்ள ஒருவரின் வாழ்க்கை வரலாறென்றால் டான்சிக் முன்னே, மற்றது அடைப்புக்குறியில். போலந்துக்காரர் என்றால் தலைகீழ். முடிவை மீறி யாராவது பெயரை மாற்றினால், அந்தப் பெயரை மட்டும் மீளமைப்பவருக்கு, ஒரு நாளில் மூன்று முறைக்கு மேல் மீளமைக்கக் கூடாது என்ற வழக்கமான வரம்பு கிடையாது. இவ்வளவு நுணுக்கமாக எழுதியதால்தான் அது நிலைத்தது. அதே நகரத்தில்தான் 2010இல் உலக விக்கிப்பீடியர் மாநாடு நடந்தது. கூகுள் அப்போது நடத்திவந்த மொழிபெயர்ப்புத் திட்டத்தின் கட்டுரைகள் தமிழ் விக்கிப்பீடியாவில் எப்படி இருக்கின்றன என்று தமிழ் விக்கிப்பீடியர்கள் அங்கேதான் ஆராய்ந்து முன்வைத்தார்கள்.

அயர்லாந்து வழக்கிலும் வாக்கெடுப்பு வேலை செய்தது, வேறொரு காரணத்தால். அயர்லாந்து என்ற தலைப்பு தீவுக்கா, நாட்டுக்கா என்ற நெடுஞ்சண்டை 2009இல் வாக்கெடுப்புக்குப் போனது. தீவுக்கே அயர்லாந்து, நாட்டுக்கு 'அயர்லாந்துக் குடியரசு' என்ற பழைய ஏற்பாடே நின்றது. அதோடு, இரண்டு ஆண்டுகளுக்கு இந்தத் தலைப்புகளை மாற்றும் பேச்சையே எடுக்கக் கூடாது என்று தடையும் வைத்தார்கள். தோற்றவருக்கு மறுபடி கேட்க ஒரு நாள் இருக்கிறது, அதுவரை எல்லோருக்கும் ஓய்வு. முடிவைவிட அந்த இரண்டு ஆண்டு ஓய்வுதான் அவர்களுக்குக் கிடைத்த பெரிய லாபம் என்பேன்.

வாக்கெடுப்பின் நோய் எது என்று எல்லோருக்கும் தெரியும்: ஒருவரே வேறு வேறு பெயரில் வைத்திருக்கும் கைப்பாவைக் கணக்குகளும், வெளியிலிருந்து ஆள் திரட்டுவதும். ஜெர்மன் விக்கிப்பீடியா இதற்கு வாக்குரிமைத் தகுதி வைத்திருக்கிறது. குறைந்தது இரண்டு மாதம் பழையவராகவும் கட்டுரைகளில் 200 தொகுப்பு செய்தவராகவும் இருக்க வேண்டும். அவற்றுள் 50 கடந்த ஓராண்டுக்குள். தமிழில் ஓர் எளிய பெயர்மாற்றத்துக்குக்கூட "ஆதரவு", "எதிர்ப்பு" என்று வரிசையாக இட்டுவிட்டு, காரணத்தை எழுதாமல் போகிற பழக்கம் நமக்கு இருக்கிறது. தகுதி வரம்பைவிட, காரணம் எழுதாத வாக்கைக் கணக்கில் எடுக்கமாட்டோம் என்று ஒரு வரி இருந்தால் நமக்கு அதுவே போதும்.

அதிகாரத்தைக் கூப்பிடுவது

நிருவாகி என்றால் மேலதிகாரி இல்லை, துப்புரவு உரிமை கூடுதலாக உள்ளவர், அவ்வளவே என்று எவ்வளவு சொன்னாலும் புதியவர்கள் நம்புவதில்லை. நிருவாகி செய்யக்கூடியது மூன்று: பக்கத்தைப் பூட்டலாம், பயனரைத் தடுக்கலாம், எச்சரிக்கலாம். ஆங்கிலத்தில் 2004 முதல் ஒரு வரம்பு உண்டு: ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் மீளமைத்தால் தடை வரும். யார் பக்கம் உண்மை என்று அந்த விதி பார்ப்பதில்லை. குருட்டு விதி, ஆனால் இருவரையும் ஒரு நாள் விலக்கி வைக்கிறது. பூட்டும் அப்படித்தான். பூட்டியபோது எந்த வடிவம் இருந்ததோ அது தப்பு என்று இருவரில் ஒருவர் சொல்லியே தீருவார்.

பூட்டும் தடையும் ஆறப்போடுவதற்கு உதவும், தீர்ப்பதற்கு உதவாது. சிறிய விக்கியில் இன்னொரு ஆபத்தும் உண்டு. குரோவாசிய விக்கிப்பீடியாவில் தீவிர வலதுசாரிச் சார்புடைய ஒரு சிறு நிருவாகிக் குழு பல ஆண்டுகள் பிடியை விடாமல் இருந்தது. எதிர்த்துக் கேட்டவர்களுக்குத் தடை. வரலாற்றுக் கட்டுரைகள் ஒரு பக்கமாகச் சாய்ந்தன. 2013இல் அந்நாட்டுக் கல்வி அமைச்சரே மாணவர்களுக்கு அந்தத் தளத்தை நம்ப வேண்டாம் என்று சொல்ல நேர்ந்தது. 2020, 2021 வாக்கில்தான் அந்தப் பிடி உடைந்தது. விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை 2021இல் வெளியிட்ட மதிப்பீடு இதை விரிவாகவே பேசுகிறது. நான் முன்பு சொன்ன தனிக்குடித்தனத்தின் விலை இதுதான். நான்கு வீடாகப் பிரிந்ததில் ஒவ்வொரு வீட்டிலும் தட்டிக் கேட்க ஆள் குறைந்துபோனது.

ஆகவே தமிழில் நிருவாகியைக் கூப்பிட வேண்டியது ஆள் பற்றிய சண்டைக்கு மட்டும்: வசை, மிரட்டல், மறைவாக இன்னொரு கணக்கு, பிறர் தனிவிவரத்தை வெளியிடுவது. உள்ளடக்கம் பற்றிய சண்டைக்கு அவரைக் கூப்பிட்டால் நீங்கள் கேட்பது நியாயமன்று, பலம். அதோடு, அவரும் அதே கட்டுரையில் எழுதுகிறவராக இருந்தால் அவர் கையை வைக்கவே கூடாது.

இன்னும் மேலே நடுவர் குழு. ஆங்கிலத்தில் 2004இல் வேலையைத் தொடங்கியது. இப்போது 15 பேர், ஆண்டுதோறும் தேர்தல். நீதிமன்றம் போலச் சான்றும் கால அட்டவணையும் தீர்ப்பும் உண்டு. வெளியிலிருப்போர் கவனிக்கத் தவறும் செய்தி ஒன்று: அந்தக் குழு பயனர்களின் நடத்தையைத்தான் விசாரிக்கும், எது உண்மை என்று தீர்ப்புச் சொல்லாது. 2009இல் சயன்டாலஜி என்ற சமய அமைப்பு பற்றிய வழக்கில் அந்தத் திருச்சபைக்குச் சொந்தமான இணைய முகவரிகளையே தொகுக்க விடாமல் தடுத்தது. கட்டுரையில் என்ன எழுத வேண்டும் என்று சொல்லவில்லை. ஜெர்மன் விக்கிப்பீடியாவுக்கும் 2007 முதல் இத்தகைய குழு இருக்கிறது. தமிழுக்கும் வேண்டும் என்ற ஆசை அவ்வப்போது என் காதில் விழுகிறது. எனக்கு உடன்பாடில்லை. நடுவர் ஆகத் தகுந்த ஏழெட்டுப் பேரும் ஏதோ ஒரு சண்டையில் ஏதோ ஒரு பக்கம் இருந்தவர்கள். அவர்களைப் பீடத்தில் ஏற்றினால் நல்ல எழுத்தாளர்களை இழப்போம், நல்ல நீதிபதிகள் கிடைக்கமாட்டார்கள்.

இடையே சமரசக் குழு என்று ஒன்றும் ஆங்கிலத்தில் இருந்தது. இரு தரப்பும் சம்மதித்தால்தான் அது எடுத்துக்கொள்ளும். சமரசத்தில் பேசியதைப் பின்னால் ஒருவருக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது. நல்ல யோசனைதான். ஆனால் சமரசத்துக்குச் சம்மதிக்கும் மனநிலையில் உள்ள இருவருக்குக் குழு எதற்கு? வழக்குகள் வற்றிப்போய் 2018இல் மூடினார்கள்.

எனக்குப் பிடித்த வழி

இத்தனையிலும் என் மனத்தில் தங்கியது ஆங்கில விக்கிப்பீடியாவில் இலங்கைக் கட்டுரைகளுக்காக நடந்த ஒரு முயற்சி. உள்நாட்டுப் போர் மீண்டும் மூண்டிருந்த ஆண்டுகள். தரையில் என்ன நடந்ததோ அதன் எதிரொலி ஒவ்வொரு கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்திலும் இருந்தது. அப்போது தமிழ்ப் பயனர்கள், சிங்களப் பயனர்கள், இரண்டிலும் சேராதவர்கள் என்று சிலர் கூடி 'இலங்கை நல்லிணக்கத் திட்டம்' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். யாரும் ஆணையிடவில்லை. தாங்களே ஓர் உடன்பாட்டை எழுதித் தங்களைக் கட்டிக்கொண்டார்கள். சூடான கட்டுரைகளில் மூன்று முறைகூட இல்லை, ஒரே ஒரு முறைதான் மீளமைக்கலாம். மூலங்களை முன்கூட்டியே வகைப்படுத்தினார்கள். எல்லோரும் ஏற்கும் மூலம் என்றால் நேராக எழுதலாம். தமிழர் தரப்புச் செய்தித் தளமான தமிழ்நெட்டோ அரசின் பாதுகாப்பு அமைச்சுத் தளமோ என்றால், இது இன்னார் கூற்று என்று பெயரைச் சொல்லித்தான் எழுத வேண்டும்.

இந்தக் கடைசி விதியின் அருமை எழுதிப் பார்த்தால்தான் தெரியும். 'பயங்கரவாத இயக்கம்', 'விடுதலை இயக்கம்' என்று விடுதலைப் புலிகளுக்கான அடைமொழிக்கு அடித்துக்கொள்ளும் இரண்டு பேரிடம், அடைமொழியை இருவருமே கீழே வையுங்கள், யார் எப்போது தடை செய்தார்கள் என்று மட்டும் எழுதுங்கள் என்றால் என்ன ஆகும்? இந்தியா 1992, அமெரிக்கா 1997, பிரிட்டன் 2001, ஐரோப்பிய ஒன்றியம் 2006. இதை மறுக்க எந்தத் தரப்பாலும் முடியாது. இருவருக்கும் முழுத் திருப்தி இருக்காது. ஆனால் வாசகருக்கு அடைமொழியைவிட அதிகம் கிடைத்துவிடுகிறது. அவரவர் நிலையை மாற்றிக்கொள்ளும்படி அந்த உடன்பாடு யாரையும் கேட்கவில்லை என்பதுதான் அதன் பலம்.

போர் ஓய்ந்ததும் எல்லாம் சுமுகமாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் கொலையும் குண்டுவீச்சும் செய்தியாக வந்துகொண்டிருந்த நாள்களில் எதிரெதிர்த் தரப்பினர் ஒரே பக்கத்தில் உட்கார்ந்து மூலப் பட்டியல் போட்டார்கள் என்பதை நினைக்கும்போது, கிரந்தத்துக்காகவும் கோயில் காலக் கணிப்புக்காகவும் சாதிப் பெயர்ப் பக்கங்களுக்காகவும் நாம் போடும் சண்டைக்கு நமக்கு என்ன சாக்கு இருக்கிறது என்று தோன்றுகிறது. குறிப்பாகச் சாதிக் கட்டுரைகள். எந்தெந்த நூல்களை ஏற்பது, எவற்றைச் சாதிச் சங்க வெளியீடு என்று பெயர் சொல்லி மட்டும் குறிப்பது என்று ஒரு பட்டியலை ஒரு முறை உட்கார்ந்து போட்டுவிட்டால் பல ஆண்டுச் சண்டை மிச்சம். அதற்கு நடுவர் குழு வேண்டாம், ஒரு கோடை விடுமுறை போதும்.

விட்டுவிட்டுப் போவதும் ஒரு வழிதான். 2002இல் ஸ்பானிய விக்கிப்பீடியாவின் தன்னார்வலர் பலர், விளம்பரம் வரக்கூடும் என்ற பேச்சினால் வெகுண்டு மொத்தமாக வெளியேறித் தனியாக ஒரு கலைக்களஞ்சியம் தொடங்கினார்கள். விக்கிப்பீடியாவில் விளம்பரம் வராததற்கு அதுவும் ஒரு காரணம் என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் இன்று ஸ்பானிய வாசகர்கள் போவது பழைய வீட்டுக்குத்தான். தனி ஆளாகப் போவது வேறு. ஒரு கட்டுரையைக் கவனிப்புப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு ஆறு மாதம் பறவைகளைப் பற்றி எழுதலாம். நான் இரண்டு முறை செய்திருக்கிறேன். திரும்பி வந்தபோது ஒரு கட்டுரை என் தயவில்லாமலே சரியாகியிருந்தது. மற்றொன்று இன்றும் தப்பாகத்தான் இருக்கிறது; அதைத் திறப்பதில்லை.

ஆசிரியைக்கு வருகிறேன். அவரிடம் நான் முதலில் கேட்டது, நீக்கியவர் சுருக்கக் குறிப்பில் என்ன எழுதியிருக்கிறார் என்று. அவர் பார்த்திருக்கவில்லை. "மேற்கோள் இல்லை, சொந்த ஆய்வு" என்று மூன்று முறையும் ஒரே மாதிரி இருந்தது. ஊரில் ஒரு காலத்தில் இருந்த நெசவுப் பட்டறைகளைப் பற்றிய பத்தி அது. தம் பாட்டி சொன்னதைக் கேட்டு எழுதியிருந்தார். அதாவது இது பெயர்ச் சண்டையுமன்று, ஆள் சண்டையுமன்று. சான்று பற்றிய சண்டை. அதற்கு வாக்கெடுப்பும் வேண்டாம், நிருவாகியும் வேண்டாம், முதல் படியே போதும். கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் "என்ன மாதிரி மேற்கோள் இருந்தால் ஏற்பீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள், வேறொன்றும் எழுதாதீர்கள் என்றேன். அவர் அதற்கு மேல் இரண்டு வரி எழுதினார். அந்த இரண்டு வரியும் அவ்வளவு இனிமையாக இல்லை.

இரவு பதினொரு மணிக்குப் பதில் வந்தது. அந்தப் பயனர் தம் பக்கத்தில் பழைய மாவட்ட விவரச்சுவடி ஒன்றின் இணையப் பிரதிக்கு இணைப்புக் கொடுத்து, நெசவு பற்றி அதில் ஓர் அத்தியாயம் இருக்கிறது, உங்கள் ஊர் அதில் வருகிறதா பாருங்கள் அம்மா என்று எழுதியிருந்தார். வந்தது. பக்க எண்ணோடு பத்தியை நீக்கியவரே திரும்பச் சேர்த்தார், பாட்டி சொன்ன இரண்டு வாக்கியங்களை மட்டும் விட்டுவிட்டு. அந்த இரண்டு வாக்கியங்களைப் பற்றி ஆசிரியைக்கு இன்னும் கோபம் தீரவில்லை. பாட்டியின் பேச்சைக் கைபேசியில் பதிவு செய்து வாருங்கள், எங்காவது ஒரு சிற்றிதழில் பேட்டியாக வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். அடுத்த மாதம் ஊருக்குப் போகிறாராம்.